இஸ்திரி வண்டி எந்தக் கைப் பக்கம்?

போன மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு பிரியாணி சொல்லியிருந்தான். பிரியாணியும் வரவில்லை, கொண்டுவருகிற ஆளும் வரவில்லை. அவர் பக்கத்துத் தெருவிலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். “லொகேஷன் அனுப்பிட்டீங்கல்ல, பேசாம உள்ள வாங்க” என்று தம்பி மனைவி கூப்பிட்டாள். அவன் காதில் வாங்காமல் பால்கனியில் நின்றபடி போனில் கேட்டான்: “அண்ணா, நீங்க இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்க?”

அந்த ஆள் ஏதோ சொன்னார். “அப்படின்னா உங்களோட சோத்தாங்கைப் பக்கம் ஒரு சந்து வரும் பாருங்க, அதுல வாங்க” என்றான். கொஞ்ச நேரத்தில் சூடு ஆறாமல் பிரியாணி வந்து சேர்ந்தது.

மற்றவர்களுக்கு அது ஒரு போன் பேச்சு, அவ்வளவுதான். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இந்தச் சென்னையில் வழி சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். “அப்படியே நேரா வந்து லெஃப்ட்ல கட் பண்ணு” என்பார்கள். அது யாருடைய லெஃப்ட் என்பது சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. வழி தெரியாமல் நிற்கிறவன் எங்கே பார்த்து நிற்கிறான் என்று முதலில் விசாரிக்கிற ஒரே ஆள் என் தம்பி. அவனுக்கு இடம் வலம் கற்றுக்கொடுத்த டீச்சர் யார் என்று கேளுங்கள். நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

நாங்கள் அப்போது மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கமாக, மாதா கோயில் மணி காதில் விழுகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். அப்பாவுக்கு ஆபீஸ். பகலில் தம்பியைப் பார்த்துக்கொண்டது எதிர் வீட்டு அக்கா. அந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தம்பிக்கு என் பள்ளியில் எல்கேஜி சீட்டு கிடைத்தால் என்னோடு போய் என்னோடு வந்துவிடுவான். கிடைக்காவிட்டால் ஆதம்பாக்கத்தில் பெரியம்மா வீட்டில் விட்டுவிடுவதென்று பேச்சு. அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி, கேட்ட உடனே சேர்த்துக்கொள்வார்களாம். சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவானாம். பெரியம்மா அதற்குள் அவனுக்கென்று ஒரு குட்டித் தலையணை தைத்து வைத்துவிட்டாள். அந்தத் தலையணையை நினைத்தாலே எனக்கு அழுகையாக வரும். பகலில் அவனோடு ஓயாமல் சண்டை போடுவேன் என்பது வேறு விஷயம். இரவில் அவன் கால் என் மேல் விழாமல் எனக்குத் தூக்கம் வராது.

அந்தக் காலத்தில் எல்கேஜிக்கே இன்டர்வியூ உண்டு. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் போய் உட்கார வேண்டும். தம்பி ஏற்கெனவே அடையாறில் ஒரு பள்ளிக்குப் போய்ப் பேரைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தான். அங்கே டீச்சர் ஒரு பந்தைக் கொடுத்து, “மேஜைக்கு அடியில வை கண்ணா” என்றாராம். இவன் பந்தோடு தானும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். கெஞ்சியும் வரவில்லை, பிஸ்கட்டைக் காட்டியும் வரவில்லை. கடைசியில் அப்பா மண்டிபோட்டுக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அம்மா, “மாதாவே, இந்தப் புள்ளைக்கு உள்ளே வெளியே, முன்னே பின்னே ஒண்ணும் தெரியலையே” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“நான் சொல்லித் தர்றேன்” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்குகிற திமிர், வேறொன்றுமில்லை. அம்மாவுக்கு அந்த வாரம் சாயங்கால ஷிப்ட். அவளுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

பந்து ஒன்று இருந்தது, அது சாக்கடையில் போயிருந்தது. அதனால் எலுமிச்சம்பழம். கட்டிலுக்கு அடியில் வை, டப்பாவுக்குள் வை, கதவுக்குப் பின்னால் வை, நாற்காலிக்கு மேலே வை. சரியாக வைத்தால் ஒரு வேர்க்கடலை. தப்பாக வைத்தால் எங்கள் கிளாஸ் மிஸ் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “மறுபடியும்” என்பேன். முதல் நாள் அழுதான். இரண்டாம் நாள் எலுமிச்சம்பழத்தைக் கடித்துவிட்டு அழுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டான். ஒரு காலையில் அப்பா அவசரமாக ஷூவுக்குள் காலை விட்டு, “அய்யோ!” என்று அலறினார். உள்ளே எலுமிச்சம்பழம். தம்பி பாய்ந்து வந்து, “ஷூவுக்குள்ளே!” என்று கத்தி என்னிடம் கடலைக்குக் கை நீட்டினான். அப்பா திட்டத் திட்ட நான் கடலையைக் கொடுத்தேன். விடை சரியாக இருக்கும்போது கொடுக்காமல் இருக்க முடியுமா?

உள்ளே வெளியே முடிந்தது. அடுத்து இடது வலது. இதில்தான் மாட்டிக்கொண்டேன். சோறு சாப்பிடுகிற கை வலது கை என்று சொல்லலாமென்றால், துரைக்கு அம்மா இன்னும் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பொறுத்தவரை இரண்டு கையுமே வெட்டியாக இருக்கிற கைகள்தான். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சிலுவை போடுகிற கை வலது கை. நாங்கள் ஜெபத்துக்கு முன்னாலும் பின்னாலும் நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று தொட்டுச் சிலுவை போடுகிறவர்கள். அவனுக்கு அதையும் யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டிவிட்டு ஆமென் என்பான். ஒரே பாடத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று அவனை எதிரே நிறுத்தி, “நான் செய்யற மாதிரியே செய்” என்றேன். அச்சு அசலாகச் செய்தான். எந்தக் கை, எந்தத் தோள் முதலில், ஒன்றும் பிசகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம், “ஞாயித்துக்கிழமை பாரு” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆதம்பாக்கத்திலிருந்து பெரியம்மாவும் வந்திருந்தாள். எங்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பூசை ஆரம்பித்ததும் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாலு வரிசைக்குக் கேட்கிற குரலில், “பிதா, சுதன்” என்று ஆரம்பித்துச் சிலுவை போட்டான். நிதானமாக, தெளிவாக, இடது கையால். முதலில் வலது தோள், அப்புறம் இடது தோள். முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவன் கையைப் பிடித்து இறக்கினாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, கடலைக்குக் கை நீட்டினான்.

வெளியே வந்ததும் பெரியம்மா, “இன்னாடி இது, புள்ளைக்கு சிலுவை போடக்கூடச் சொல்லித் தரலையா? ஜூன் மாசம் எங்கிட்ட அனுப்பு, நான் பாத்துக்கிறேன்” என்றாள். அம்மா, “பாக்கலாம்” என்றாள். அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குப் பெரிய பயமாகப் போய்விட்டது. அதுவரை அனுப்பமாட்டாள் என்றுதான் நான் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கட்டில் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், “எப்படிச் சொல்லிக்குடுத்தேன், எப்படிப் போட்டுக் காமிச்சே?” என்று குட்டினேன். அவன் அழுதுகொண்டே என் எதிரே வந்து நின்று, “நீ இப்படித்தான் போட்டே” என்று கையைத் தூக்கினான். என் வலது கைக்கு நேராக அவன் கை. அது அவனுடைய இடது கை. நான் என் கையைப் பார்த்தேன், அவன் கையைப் பார்த்தேன். பக்கத்தில் அம்மாவின் பீரோ. அதன் கண்ணாடி முன்னால் நின்று சிலுவை போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த பெண் இடது கையால் சிலுவை போட்டாள். திரும்பவும் போட்டேன். திரும்பவும் அதே கூத்து.

எட்டு வயதில் ஒரு மனுஷிக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி வர முடியாது. பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் எதிரே நின்றதுதான் தப்பு. எனக்கு அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் குஷியாகவும் இருந்தது, ஏனென்றால் இது கிளாஸ் மிஸ்ஸுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்தேன். குட்டின இடத்தைத் தடவிக்கொடுத்தேன். அப்புறம் போய் அவன் பக்கத்தில், அவன் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். “இனிமே பாடம்னா இதான் ரூல். மொதல்ல பக்கத்துல வந்து நிக்கணும். அப்புறம்தான் பதில் சொல்லணும்” என்றேன். கை சரியானது. ஒரே சாயங்காலத்தில் தோளும் சரியானது. எதிரே நின்றுகொண்டு எத்தனை கடலை வீணாக்கியிருந்தேன் என்று எரிச்சலாக வந்தது.

அதற்குப் பிறகு பாடத்தைத் தெருவுக்குக் கொண்டுபோனேன். தினமும் நான்தான் பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வருவேன். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் சந்தின் நடுவில், ஒரு பூவரச மரத்தடியில், இஸ்திரி வண்டி நிற்கும். தம்பியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “இஸ்திரி வண்டி எந்தக் கைப் பக்கம்?” என்றேன். அவன் மனதுக்குள் ஒரு சிலுவை போட்டுப் பார்த்துவிட்டு, “வலது” என்றான். கடலை. ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறோம். “இப்ப எந்தக் கைப் பக்கம்?” என்றேன். யோசிக்காமல் வலது என்றான். தப்பு என்றேன். கையைத் தூக்கிச் சிலுவை போட்டுப் பார்த்தான். வண்டி இடது கைப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அவன் முகம் விழுந்துபோய்விட்டது. நேராக இஸ்திரிக்காரரிடம் போய், “ஏன் வண்டிய இந்தப் பக்கம் தள்ளினீங்க?” என்று சண்டைக்கு நின்றான்.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “இன்னா நைனா, நான் எங்க தள்ளுனேன்? காத்தாலேர்ந்து இங்கயேதான் கீறேன்” என்றார்.

“பொய்! அந்தக் கைல இருந்துச்சு.”

“நான் ஏன்பா பொய் சொல்லப்போறேன்? வேணும்னா சக்கரத்தப் பாரு, கல்லு முட்டுக்கொடுத்துக் கீது.”

தம்பி குனிந்து கல்லைப் பார்த்தான். கல் இருந்தது. வண்டி நகரவில்லை, ஆனால் கை மாறிவிட்டது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு விளக்கத் தெரியவில்லை. விளக்கம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. தோளைப் பிடித்து அவனை நின்ற இடத்திலேயே பேக்கரிப் பக்கம் திருப்பினேன். “இப்ப?” வலது. வீட்டுப் பக்கம் திருப்பினேன். “இப்ப?” இடது. அவன் அழுகையை நிறுத்தினான். அப்புறம் தானாகவே திரும்பினான். வலது. திரும்பினான். இடது. சிரிக்க ஆரம்பித்தான். தட்டாமாலை சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி, “வலது, இடது, வலது, இடது” என்று கத்தி, தலைசுற்றித் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். இஸ்திரிக்காரரும் சிரித்தார். அந்தச் சந்தில் அன்று என்னைவிடக் கர்வமாக வீட்டுக்கு நடந்தவள் யாரும் இல்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரு தொல்லை பிடித்துக்கொண்டது. எதைக் கேட்டாலும் பையன் எதிர்க்கேள்வி போட ஆரம்பித்துவிட்டான். மாதா கோயில் எந்தப் பக்கம் என்றால், “போம்போதா, வரும்போதா?” நாற்காலி எந்தப் பக்கம் என்றால், “எனக்கா, உனக்கா?” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்டர்வியூவில் இப்படி வாய் பேசினால் யார் சீட்டு கொடுப்பார்கள்? “ஸ்கூல்ல சிஸ்டர் கேட்டா பதில் மட்டும் சொல்லு. நீ எதுவும் கேக்கக் கூடாது, தெரியுதா?” என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

எங்கள் பள்ளி கன்னியாஸ்திரிகள் நடத்துவது. ஐந்தாம் வகுப்பு வரை பையன்களும் உண்டு. தலைமை ஆசிரியையை ஹெச்.எம். சிஸ்டர் என்போம், அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தா அமைதியாகிவிடும். இன்டர்வியூ அன்று இன்டர்வெல் மணி அடித்ததும் நான் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினேன். குழாய்க்கு மேலே அவருடைய அறை ஜன்னல். குழாய்த் திட்டில் ஏறி நின்றால் உள்ளே தெரியும்.

பெரிய மேஜை. அந்தப் பக்கம் சிஸ்டர். இந்தப் பக்கம் நாற்காலியில் தம்பி, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலையோடு. அவனுக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும், மூச்சுக்கூட விடாமல். பேரெல்லாம் சொல்லி முடித்திருந்தான் போல. மேஜை நடுவில் ஒரு நீல டப்பா. சிஸ்டர் ஒரு பந்தை அவன் கையில் கொடுத்து, “இதை டப்பாவுக்கு முன்னாடி வை, பாக்கலாம்” என்றார்.

எனக்கு ‘அப்பாடா’ என்றிருந்தது. இதுதானா! கையை நீட்டி வைக்க வேண்டியதுதானே. வை, வை என்று ஜன்னலுக்கு வெளியே முணுமுணுத்தேன்.

அவன் வைக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கினான். அம்மா பிடிக்கப் போனாள், நழுவிவிட்டான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், சிஸ்டரின் நாற்காலியை ஒட்டி, அவர் பார்க்கிற பக்கமே பார்த்து நின்றான். டப்பாவைப் பார்த்தான். சிஸ்டரின் முகத்தை அண்ணாந்து பார்த்தான்.

“உங்களுக்கு முன்னாடியா, எனக்கு முன்னாடியா?” என்றான்.

சிஸ்டர், “என்ன கேட்டே?” என்றார். தம்பி பந்தை டப்பாவுக்கு அந்தப் பக்கம், சிஸ்டர் முன்னால் வைத்து, “இது உங்க முன்னாடி” என்றான். அப்புறம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தன் நாற்காலிப் பக்கம் வைத்து, “இது என் முன்னாடி” என்றான். “எது வேணும்?”

அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. குழாய்த் திட்டிலிருந்து இறங்கி முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதேன். எல்லாம் போயிற்று. சும்மா வைத்திருந்தால் முடிந்திருக்கும். பதில் மட்டும் சொல்லு என்று சொல்லவில்லையா நான்? கேள்வி கேட்காதே என்று சொல்லவில்லையா? ஊரில் ஒரு பிள்ளை ஹெச்.எம். சிஸ்டரையே கேள்வி கேட்குமா? ஆதம்பாக்கத்துத் தலையணை கண் முன்னால் வந்து நின்றது. சாயங்காலம் வீட்டில் தம்பி கடலைக்குக் கை நீட்டியபோது, “ஒண்ணும் கிடையாது போ” என்று தள்ளிவிட்டேன். அவனுக்கு ஏனென்று புரியவில்லை. ராத்திரி வழக்கம்போல என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினான். அந்தக் காலை நான் எடுத்து வைக்கவில்லை.

அடுத்த வாரம் பள்ளி போர்டில் பெயர்கள் ஒட்டினார்கள். தம்பியின் பெயர் இருந்தது. அப்பா வாசலிலேயே அவனைத் தூக்கிச் சுற்றினார். அம்மா நேரே மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாதா கோயில் பங்குச் சாமியார் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் என்று அப்பா நினைத்தார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பையன் இன்டர்வியூவில் ஃபெயில், மாதா புண்ணியத்தில் பாஸ். அவனைக் கட்டிப்பிடித்து, பாக்கி வைத்திருந்த கடலையையெல்லாம் ஒரே கையில் கொட்டினேன். பெரியம்மா அந்தத் தலையணையைக் கோபித்துக்கொள்ளாமல் கொடுத்தனுப்பினாள். அதில் நான்தான் படுத்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். வழி நெடுக எது எந்தக் கைப் பக்கம் என்று அவனே சொல்லிக்கொண்டு வந்தான். எல்கேஜி வாசலில் விட்டதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டான். நான் வகுப்புக்குக் கிளம்பும்போது வராந்தாவில் செருப்புச் சத்தம். ஹெச்.எம். சிஸ்டர் என்னை விரலைக் காட்டிக் கூப்பிட்டார்.

“உன் தம்பிக்கு யார் சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார். “உங்க அம்மாவைக் கேட்டா, ‘எனக்குத் தெரியாது சிஸ்டர், பொண்ணுதான் ஏதோ சொல்லிக்குடுப்பா’ங்கறாங்க.”

“உள்ளே வெளியே, மேலே கீழே, இடது வலது எல்லாம் நான்தான் சிஸ்டர்” என்றேன். அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

“அப்போ, யாருக்கு முன்னாடின்னு என்னைக் கேட்டானே, அது?”

வந்துவிட்டது என்று நினைத்தேன். கொடுத்த சீட்டைப் பிடுங்கப் போகிறார். தம்பி அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருந்தான். அவன் புதுப் பை வாசலில் மாட்டியிருந்தது. “அது நான் சொல்லித் தரல சிஸ்டர்” என்றேன். “மாதா சத்தியமா. கேள்வியே கேக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தேன். அதுவா அவனுக்கு வந்துடுச்சு.”

எதிரே நின்ற சிஸ்டர் நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றார். என் தோளில் கையை வைத்து, நான் பார்த்துக்கொண்டிருந்த எல்கேஜி வாசலையே தானும் பார்த்தார். ஏன் இப்படிப் பக்கத்தில் வந்து நிற்கிறார், திட்டுவதென்றால் எதிரே நின்றே திட்டலாமே என்று எனக்கு விளங்கவில்லை. “சரி, கிளாஸுக்குப் போ” என்றார். குரலில் கோபமில்லை.

ஓட்டமாக ஓடினேன். தம்பியின் அந்தக் கேள்விக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று சிஸ்டர் நம்பிவிட்டார் என்பதில் எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.